சொந்த வீட்டில் விருந்தாளி

மாலை ஏழரை மணி. புணே நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், அலுவலகத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய தாய் ஒருவர் சமையலறைக்குள் நுழைகிறார். கைப்பையை வைத்த கையோடு கோதுமை மாவைப் பிசையத் தொடங்குகிறார். ஏழு வயது மகன் ஓடி வருகிறான்.

"அம்மா, நானும் ஒரு சப்பாத்தி தேய்க்கட்டுமா?"

"இன்றைக்கு வேண்டாம் கண்ணா, நேரமாகிவிட்டது. நீ போய்ப் பாடத்தைப் படி. சாப்பாடு தயாரானதும் கூப்பிடுகிறேன்."

மகன் திரும்பிப் போகிறான். அரைமணி நேரத்தில் உணவு தயாராகிறது. தட்டில் வைத்த கீரையை அவன் ஒதுக்கிவிடுகிறான். "உனக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறேன்!" என்று தாய் மனம் நோகிறார்.

இந்தக் காட்சியில் யாரையும் குறைகூற இயலாது. சிறுவன் தேய்த்தால் ஒரு சப்பாத்திக்கு ஐந்து நிமிடம் ஆகும். அது வட்டமாக வராது. மாவு தரையெங்கும் சிந்தும். நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவருக்கு அது கூடுதல் சுமை. ஆயினும் 'இன்றைக்கு வேண்டாம்' என்ற சொல் நாள்தோறும் சொல்லப்படும்போது அது ஒரு வளர்ப்பு முறையாகவே ஆகிவிடுகிறது. ஏழு வயதில் ஆசையோடு வந்தவனை, பதினான்கு வயதில் தாய் உதவிக்கு அழைப்பார். அப்போது அவன் வரமாட்டான். ஆசை இருந்த காலத்தில் இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைக்கும் காலத்தில் ஆசை இல்லை.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. பெற்றோர் குழந்தைக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது நல்ல உணவு மட்டுமா? அல்லது, அந்த உணவை உண்டாக்கும் உழைப்பில் ஒரு பங்கும் சேர்ந்ததா?

விருந்தாளியும் வீட்டாரும்

விருந்தாளிக்கும் வீட்டாருக்கும் என்ன வேறுபாடு? இருவரும் ஒரே உணவைத்தான் உண்கிறார்கள். விருந்தாளிக்குச் சற்றுக் கூடுதலாகவே உபசாரம் நடக்கும். ஆனால் உப்புக் குறைந்தால் விருந்தாளி அதைக் குறையாகக் காண்கிறார்; வீட்டார் எழுந்து சென்று உப்பை எடுத்து வருகிறார். உரிமை என்பது பெறுவதனால் வருவதன்று, பொறுப்பினால் வருவது.

எல்லாவற்றையும் செய்து கொடுத்து, எந்த வேலையையும் கொடுக்காமல் வளர்க்கப்படும் குழந்தை தன் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக வளர்கிறது. உணவு எங்கிருந்தோ வருகிறது. பிடித்தால் உண்ணலாம், பிடிக்காவிட்டால் தள்ளலாம் என்பதே அது கற்கும் பாடம். இதை யாரும் கற்பிக்கவில்லை. அன்பும் அவசரமும் சேர்ந்து தாமாகவே கற்பித்துவிடுகின்றன.

டால்ஸ்டாய் பண்ணையில்

1910-ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றவர்களின் குடும்பங்களைக் காக்க ஓர் இடம் தேவைப்பட்டது. காந்திஜியின் நண்பரான காலன்பாக், ஜோகனஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, வாடகையின்றிக் கொடுத்தார். ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் நின்ற அந்த இடமே டால்ஸ்டாய் பண்ணை. குஜராத்தியரும் தமிழரும் ஆந்திரரும் வட இந்தியரும் அங்கே ஒரே சமையலறையில் உண்டனர். இருபது, முப்பது குழந்தைகளும் இருந்தனர்.

பண்ணையில் வேலைக்காரர்கள் இல்லை. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாவற்றையும் அங்கே வசித்தவர்களே செய்தனர். பழமரங்களைப் பேணுவதிலும் குழி வெட்டுவதிலும் சுமை தூக்குவதிலும் பிள்ளைகள் பங்கு கொண்டனர். தோட்டவேலையில் காலன்பாக் அவர்களோடு நின்றார். ஆசிரியர் தாம் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. பிள்ளைகள் ஒரு வேலையைச் செய்யும்போது ஆசிரியர் ஒருவரும் உடன் நின்று அதைச் செய்வார். அதனால் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கற்றனர் என்று காந்திஜி தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். பண்ணையில் நோய் அரிதாகவே இருந்தது என்றும், நல்ல காற்றும் நீரும் நேரந்தவறாத உணவும் அதற்குப் பெரிதும் காரணம் என்றும் அவர் எழுதுகிறார்.

அங்கிருந்த பெரியவர்களுக்கு ஓய்வு மிகுந்திருந்தது என்று எண்ண வேண்டாம். ஒரு பெரும் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. காலை முழுவதும் உழைத்த களைப்பினால் பிற்பகல் வகுப்பில் ஆசிரியருக்கும் மாணவர்களுக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றும். நேரம் மிகுந்திருந்ததால் அவர்கள் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்ந்து செய்வதையே கல்வி என்று கருதியதால் சேர்த்துக்கொண்டனர். 'நீ செய்' என்று ஏவுவதும், 'நீ போ' என்று விலக்குவதும் அங்கே இல்லை. 'வா, செய்வோம்' என்பதே இருந்தது.

தந்தை சொல்லாத விடை

தைத்திரீய உபநிஷதத்தில் பிருகு தன் தந்தை வருணனிடம் சென்று பிரம்மத்தை உபதேசிக்குமாறு வேண்டுகிறான். தந்தைக்கு விடை தெரியும். ஒரே சொல்லில் கூறி அனுப்பியிருக்கலாம். அவர் ஒரு குறிப்பை மட்டும் கொடுத்து, தவத்தினால் அறிந்து வருமாறு மகனை அனுப்புகிறார். பிருகு முதலில் கண்டறிவது அன்னத்தை. உயிர்கள் அன்னத்தினின்று பிறந்து, அன்னத்தால் வாழ்ந்து, அன்னத்திலேயே ஒடுங்குகின்றன என்று உணர்ந்து தந்தையிடம் திரும்புகிறான். வருணன் அதை இகழவில்லை. முடிந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. மீண்டும் தவம் செய்யச் சொல்கிறார். பிராணன், மனம், விஞ்ஞானம் எனப் படிப்படியாக ஏறி, இறுதியில் ஆனந்தத்தை மகன் தானே அடைகிறான்.

பெற்றோர்க்கு இக்கதை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. மெய்யறிவின் முதற்படி அன்னம் என்பது ஒன்று. மகன் தானே நடந்து அடைய வேண்டிய வழியை, நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தந்தை குறுக்கிவிடவில்லை என்பது மற்றொன்று. வட்டமாக வராத சப்பாத்தி பிழையன்று; அது அந்தச் சிறுவனின் முதற்படி.

நேரம் எங்கே?

இவை யாவும் நன்று. ஆனால் நேரம் எங்கே என்று கேட்பது நியாயமே. வேலைக்குச் செல்லும் பெற்றோர் ஏழு நாளும் குழந்தையோடு சமைக்க இயலாது. அவ்வாறு செய்ய வேண்டியதும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் முழுச் சமையல், மற்ற நாள்களில் ஒரு சிறு வேலை என்று வைத்துக்கொண்டால் போதும். நான்கு வயதுக் குழந்தை காய்களைக் கழுவும், கீரையை ஆயும். ஆறு வயதில் பட்டாணி உரிக்கலாம், மாவு பிசையலாம். கத்தியும் அடுப்பும் பத்து வயதையொட்டி, பெரியவர் அருகில் நிற்கும்போது மட்டும். வட இந்தியக் குடும்பங்களில், குளிர்காலத்து வெயிலில் பாட்டியும் பேரக்குழந்தைகளும் வட்டமாக அமர்ந்து பட்டாணி உரிப்பது இன்றும் காணக்கூடிய காட்சி. உரிப்பதில் பாதி வாய்க்குள் போகும். காய் உண்ணப் பழக்குவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

இந்தப் பணி தாயின் தோளில் மேலும் ஒரு சுமையாக விழக் கூடாது. தந்தையும் சமையலறைக்குள் வர வேண்டும். தந்தை அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டு மகனைத் தட்டு கழுவச் சொன்னால், பண்ணையின் விதி அங்கேயே முறிந்துவிடுகிறது.

தோட்டத்திற்கு நிலம் வேண்டும் என்பதும் இல்லை. நான்கைந்து மணி நேரம் வெயில் படும் ஜன்னலோரத்துத் தொட்டி ஒன்று போதும். வெந்தயத்தை இரவில் ஊறவைத்து மண்ணில் தூவினால் மூன்று நான்கு நாள்களில் முளை தெரியும். மூன்று, நான்கு வாரங்களில் கீரையைக் கிள்ளலாம். தனியாவை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். அது முளைக்க ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். அந்த நாள்களில் குழந்தை தினமும் மண்ணைக் கிளறிப் பார்க்கும். அவசரப்படுத்த முடியாதது ஒன்று உலகில் உண்டு என்பதை அது அறிந்துகொள்ளும் இடம் அதுவே. பொத்தானை அழுத்தியதும் எல்லாம் வந்துசேரும் காலத்தில் இது சிறிய கல்வியன்று.

ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தட்டில் ஏறக்குறைய பாதியளவு காய், கனி, கீரை, கிழங்குகள் இருக்க வேண்டும் என்கிறது. அறிவுரையால் அந்தப் பாதியை நிரப்புவது கடினம். தான் நீர் ஊற்றி வளர்த்த ஒரு பிடி வெந்தயக்கீரை குழம்பில் வேகும்போது, குழந்தை தானே தட்டை நீட்டுகிறது.

ஓர் எச்சரிக்கை

நல்ல உணவைப் பற்றிய அறிவு எளிதில் கர்வமாக மாறக்கூடும். பள்ளியில் தோழனின் உணவு டப்பாவைப் பார்த்து, 'சீ, இதையா சாப்பிடுகிறாய்?' என்று கேட்கும் குழந்தை உடல்நலத்தைக் கற்றிருக்கலாம், அறத்தைக் கற்கவில்லை. பிருகுவின் கதையை அடுத்து உபநிஷதம் விதிக்கும் விரதங்களில் முதலாவது, அன்னத்தை நிந்திக்காதிருத்தல். அன்னத்தை வீணாக்காதிருத்தலும், அதைப் பெருக்குதலும், நாடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதிருத்தலும் அதன்பின் வருகின்றன.

நகரங்களில் பல வீடுகளில் சமையல் செய்பவர் ஓர் அம்மையார். தம் பிள்ளைகளுக்கு விடியலில் ஏதோ ஒன்றை வைத்துவிட்டு, பிறர் பிள்ளைகளுக்குச் சூடாகச் சமைக்க வருகிறார். ஒரு சப்பாத்தி தேய்ப்பதற்கே தோள் வலித்ததை அறிந்த குழந்தைக்கு, இருபது சப்பாத்தி தேய்த்துவிட்டுப் போகிறவரின் கை கண்ணில் படும். ஒரு செடிக்காக ஒரு மாதம் காத்திருந்த குழந்தைக்கு, மழைக்காகக் காத்திருக்கும் உழவரின் மனம் சிறிதளவேனும் புரியும். உண்ட தட்டைத் தானே கழுவி வைக்கும் பழக்கம் அந்த அறிவின் முதல் அடையாளம்.

மிச்சப்படுத்திய நேரம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது குழந்தையிடமும் போவதில்லை, பெற்றோரிடமும் தங்குவதில்லை. அடுத்த முறை அச்சிறுவன் அடுக்களை வாசலில் வந்து நிற்கும்போது, ஓர் உருண்டை மாவை அவன் கையில் கொடுக்கலாம். சாப்பாடு பத்து நிமிடம் தாமதமாகும். கோணலான அந்தச் சப்பாத்தியை அவன் தன் தட்டில் வைத்துக்கொள்ள மாட்டான். "இது உங்களுக்கு" என்று தாயின் தட்டில் கொண்டுபோய் வைப்பான். அந்தக் கணத்தில் அவன் விருந்தாளி அல்லன்; வீட்டைச் சேர்ந்தவன்.