இருப்புப்பாதையும் ஏழை வீடும்

புதுவையிலிருந்து மூலக்குளம் வழியாக விழுப்புரத்துக்குச் சாலை போகிறது. அதே விழுப்புரத்துக்கு 1879-இல் இருப்புப்பாதையும் போடப்பட்டது. பிரெஞ்சு மண்ணிலே தொடங்கி ஆங்கிலேயர் மண்ணிலே முடிந்தது. 1954-இல் கொடி மாறிற்று. பாதை ஒரு சாணும் நகரவில்லை. பாதையோரத்து ஏழைக்கு மட்டும் அந்த நிலைபேறு கிடையாது!

பொதுநலத்துக்காக எடுத்த நிலம் என்பர். மெய்தான்; வண்டி ஓடத்தான் வேண்டும். தண்டவாளத்தின்மேல் குடிசை போட எவரும் உரிமை கேட்கவில்லை. ஆயின் தோழரே, அந்தப் 'பொது'விலே ஏழை சேர்த்தியா, இல்லையா?

மூலக்குளத்துக்கு நெடுந்தொலைவிலே, உத்தரகாண்டத்து ஹல்துவானியிலே, இக்கேள்வி மன்றம் ஏறிற்று. ரயில்வே நிலமென்று வழக்கு. குடியிருந்தோர் பலர் குத்தகைப் பத்திரங்களைக் காட்டினர். அரசுப் பள்ளிகளும் அங்கே நின்றன. அரசே பள்ளி நடத்திய இடத்திலே குடிமகன் மட்டும் ஆக்கிரமிப்பாளனாம்! 2022 டிசம்பரில், ஒரு வார முன்னறிவிப்புடன் வெளியேற்றுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 50,000 பேரை ஏழு நாளில் பெயர்த்தெறிய முடியாதென்று 2023 ஜனவரி 5-இல் உச்சநீதிமன்றம் தடுத்தது. 2024-இல் மறுவாழ்வுக்குத் திட்டம் வகுக்கச் சொல்லிற்று.

1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், பிறர் கையிலுள்ள நிலத்தை மீட்க வழக்கிடத் தனியாருக்கு 12 ஆண்டு தருகிறது, அரசுக்கோ 30. முப்பதாண்டு உறங்கச் சலுகை பெற்றவர், விழித்ததும் ஏழைக்கு அளப்பது ஏழே நாள்!