உயிருக்கு மார்க் போடுவது யார்?

ஓர் உயிருக்கு நூற்றுக்கு எத்தனை மார்க்? இப்படி யாராவது கேட்டால் நமக்குக் கோபம் வரும். ஆனால் ஓர் அரசு தன் மக்களைத் தொலைபேசியில் கூப்பிட்டே கேட்டிருக்கிறது.

அமெரிக்காவில் ஒரிகன் என்றொரு மாநிலம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற எல்லோருக்கும் அரசு செலவில் வைத்தியம் என்று 1989இல் அங்கே சட்டம் போட்டார்கள். நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. பணம் போதாது என்பதால் நோய்களையும் அவற்றுக்கான சிகிச்சைகளையும் வரிசைப்படுத்தினார்கள். மொத்தம் 709. மேலிருந்து 587 வரை கிடைக்கும், அதற்குக் கீழே கிடையாது. இந்த வரிசைக்கு அடிப்படையாக இருந்தவற்றில் ஒன்று அந்தத் தொலைபேசிக் கணக்கெடுப்பு. இன்ன குறைபாட்டோடு வாழ்வதற்கு எத்தனை மார்க் என்று சுமார் 1000 பேரிடம் கேட்டார்கள். சாவுக்குச் சமம் என்றால் பூஜ்யம். முழு ஆரோக்கியம் என்றால் 100.

அந்தக் குறைபாட்டோடு வாழ்கிறவர்களிடம் தனியாகக் கேட்கவில்லை, ஊர்ப்பொதுவில் கேட்டார்கள். நடக்கிறவனிடம் போய், நடக்க முடியாதவன் வாழ்க்கை எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவான்? 'ஐயோ பாவம்'னுதான் சொல்லுவான். அந்த ஐயோ பாவம் மார்க் ஆனது. மார்க் வரிசை எண் ஆனது. கடுமையான குறைபாடு உள்ளவர்களிடமே கேட்டுப் பார்த்து ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாகவோ மிக நன்றாகவோ இருக்கிறது என்றே சொல்லியிருந்தார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, அமெரிக்க மைய அரசு 1992 ஆகஸ்டில் ஒரிகன் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. குறைபாடு உள்ளவரின் உயிர் மற்றவர் உயிரைவிட மதிப்புக் குறைந்தது என்ற எண்ணம் அந்த வரிசைக்குள் இருக்கிறது என்பதே காரணம். திருத்திய பிறகு 1993 மார்ச்சில்தான் ஒப்புதல் கிடைத்தது.

சேரிக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர்கள், 'இதெல்லாம் ஒரு பொழப்பா' என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஏளனமாகவும் சொல்வார்கள், இரக்கத்தோடும் சொல்வார்கள். இரண்டிலும் மதிப்புப் போடுகிற அதிகாரம் அவர்கள் கையில்தான். ஓட்டில் எல்லோருக்கும் ஒரே மதிப்பு, வாழ்க்கையில் அது கிடையாது என்ற முரண்பாட்டைப் பற்றி அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்தது நமக்குத் தெரியும். ஒரிகனில் நடந்ததும் மதிப்புப் பற்றிய சண்டைதான்.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது தோழர் ஒருவர் கேட்டார்: "பணம் கொஞ்சந்தான் இருக்கு. யாருக்காவது இல்லேன்னு சொல்லித்தானே தோழர் ஆகணும்?"

ஞாயமான கேள்வி. சக்கர நாற்காலியில் இருக்கிறவருக்கு நிமோனியா வருகிறது. இந்த மருந்து அவருக்குக் கேட்குமா, கேட்காதா என்று பார்க்கலாம். கேட்டாலும் அவர் நாற்காலியில்தானே உட்காரப் போகிறார் என்று கணக்குப் போடக் கூடாது. முதல் கணக்கு மருந்தை எடை போடுகிறது. அடுத்தது ஆளை எடை போடுகிறது.

பட்டியலைவிடக் கமுக்கமான வழியும் உண்டு. அரசு செலவில் வைத்தியம் பெறும் அமெரிக்க ஏழைகளில் பெரும்பாலோர் இன்று 'மேனேஜ்டு கேர்' கம்பெனிகளின் கீழ் இருக்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரி, தலைக்கு இவ்வளவு என்று கம்பெனிக்கு அரசு மாதாமாதம் கட்டிவிடும். வைத்தியச் செலவு குறைந்தால் மிச்சத்தில் கம்பெனிக்கு லாபம். அடிக்கடி வைத்தியம் தேவைப்படுகிறவர் அந்தக் கணக்கில் நட்டம். இங்கே யாரும் வாய்விட்டு மார்க் சொல்வதில்லை. கணக்குப் புத்தகமே போட்டுவிடுகிறது.

அப்படியானால் எது நியாயம்? தேவை அதிகமுள்ளவருக்கு அரசு கட்டும் தொகையும் அதிகமாக வேண்டும். சிகிச்சையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கம்பெனிக்கு வெளியே முறையிட இடம் வேண்டும். 'முன்னேற்றம் தெரியவில்லை' என்று சொல்லிப் பிசியோதெரபியை நிறுத்தக் கூடாது. இருக்கிற அசைவும் போய்விடாமல் காப்பதும் வைத்தியம்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், விதி எழுதுகிற மேசையில் மாற்றுத்திறனாளிகள் உட்கார வேண்டும். ஒப்புக்கு ஒருவர் என்றில்லை, எழுதியதை அடித்துத் திருத்துகிற உரிமையோடு. அவர்கள் இல்லாத மேசையில் எழுதப்படும் எந்தக் கணக்கையும், அது எத்தனை இரக்கத்தோடு எழுதப்பட்டாலும், நியாயம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.