சாரணர் மலையும் சிலந்தி நூலும்



அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, ஒரு சிற்றுயிரைப் பற்றிச் சிந்திக்க முற்படுகின்றோம்.

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்துக் காண்பது நம் ஆகம மரபு. மண்ணும் நீரும் மரஞ்செடிகளும் தொடுபுலன் ஒன்றே உடைய ஓரறிவுயிர்கள். புழுவும் சங்கும் ஈரறிவுடையன. எறும்பு முதலியன மூவறிவுடையன. ஈ, வண்டு, தேள், சிலந்தி முதலியன நான்கறிவுடையன. தொல்காப்பியரும் தம் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்துரைத்தார். இவ்வரிசையில் நான்காவதாக வந்து சேரும் அறிவு கண்ணறிவு. அக்கண்ணறிவையே தன் வாழ்வாகக் கொண்டதோர் உயிர் நம் வீட்டுச் சுவரில் நாள்தோறும் உலவுகின்றது. அதனை ஈப்புலி என்பர். வலை விரித்துக் காத்திராமல், இரையைக் கண்ணால் கண்டு, பதுங்கிச் சென்று, பாய்ந்து பிடிக்கும் சிறிய எட்டுக்கால் பூச்சி அது.

இவ்வகைச் சிலந்திகளின் குடும்பத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் சால்டிசிடே. சிலந்திக் குடும்பங்களுள் இதுவே மிகப் பெரியது. ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அறியப்பட்டுள்ளன. இமயத்தில் ஏறத்தாழ 6,700 மீட்டர் உயரத்திலும் இவ்வினத்தைக் கண்டுள்ளனர். புல்லும் கருகும் பாலை மணலிலும் இவை வாழ்கின்றன. இராசத்தான் மாநிலத்துத் தார்ப் பாலையில், காய்ந்த புல்லிடையே ஒளிந்து வாழும் புதியதோர் இனத்தை, கேரளத்து இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் கல்லூரி விலங்கியல் பேராசிரியரின் பெயரைத் தழுவி அதற்குச் சூடோமோக்ரஸ் சுதீ என்று பெயரிட்டனர். பகலில் தீயெனக் காய்ந்து, இரவில் குளிர்ந்து, நீரின்றிக் கிடக்கும் அந்நிலத்திலும் ஓர் உயிர் விழித்திருந்து தன் வினைப்பயனை நுகர்ந்து வருகின்றது. உயிரில்லா இடம் என்று நாம் கால்வைக்கும் இடமெல்லாம் உயிருண்டு என்று நம் ஆசாரியர்கள் உரைத்ததற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இதன் கண்களைச் சற்று நோக்குவோம். நான்கு இணைகளாக எட்டுக் கண்கள். முன்னிரு பெருங்கண்களும் நீண்ட குழல் போன்றவை. தலையை அசைக்காமலே, உள்ளிருக்கும் விழித்திரையை அசைத்து அவை பொருளை ஆராய்கின்றன. ஏனைய கண்கள் சுற்றிலும் நிகழும் அசைவை உணர்த்துகின்றன. நாம் அருகிற் செல்லும்போது அது திரும்பி நம்மை நோக்குவதைக் கண்டிருப்பீர்கள். நாம் அதனைக் காண்பதற்கு முன்பே அது நம்மைக் கண்டுவிடுகின்றது. பாய்வதற்கு முன் தான் நின்ற இடத்தில் ஒரு நூலை ஒட்டிவிட்டே பாய்கின்றது. கால் தவறினும் அந்நூல் அதனைத் தாங்கிக்கொள்ளும். பெண் சிலந்தி பட்டுப் போன்ற கூடமைத்து முட்டையிட்டுக் காவல் இருக்கின்றது.

இந்நூலைப் பற்றி எண்ணுகையில் எம் நெஞ்சம் நாஞ்சில் நாட்டை அடுத்துள்ள ஒரு மலையை நாடுகின்றது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அண்மையில் உள்ள சிதறால் மலையே அது. அதன் பழம்பெயர் திருச்சாரணத்து மலை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த பெரும்பாறைகளால் இயற்கையாக அமைந்த குகையும், பாறை முகத்தில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களும், பார்சுவநாதரும், பத்மாவதியும், அம்பிகையும் அங்கே இன்றும் உள்ளனர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியார் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் தவப்பெண் இத்தலத்திற்குப் பொன் அணிகலன் வழங்கியதைக் கூறுகின்றது. குரத்தி எனில் பெண் ஆசிரியர். அறம் உரைக்கும் பணியில் பெண்கள் அந்நாளிலேயே சிறந்து விளங்கினர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சாரணர் என்போர் யாவர்? தவத்தின் வலிமையால் இயங்கும் ஆற்றல் பெற்ற முனிவர்கள். அவ்வாற்றலை ஆகமங்கள் பலவாக விரித்துரைக்கின்றன. நீரின்மேல் நடப்போர், மலரின்மேல் நடப்போர், இலையின்மேல் நடப்போர் எனச் செல்லும் அவ்வரிசையில் சிலந்தி நூலின்மேல் நடக்கும் சாரணரையும் திலோயபண்ணத்தி என்னும் பழைய பிராகிருத நூல் குறிப்பிடுகின்றது. அந்நூல் அறாது, அதனை நூற்ற உயிரும் வருந்தாது, அத்துணை மெல்லடியாய்க் கடந்து செல்வர் என்பது கருத்து. பிற சமயத்தார் சித்தி என்றால் வியப்பூட்டும் வலிமையை எண்ணுவர். நம் முன்னோரோ ஒரு சிற்றுயிரின் நூல் அறாமல் நடப்பதனைச் சித்தி எனக் கொண்டனர். ஆற்றல் வளருந்தோறும் அடியின் பாரம் குறைய வேண்டும் என்பதே சாரணர் மலை நமக்குப் போதிக்கும் பாடம். மாமுனிவர் கையிலுள்ள மயிற்பீலியும் இதனையே போதிக்கின்றது.

இங்கு இளைஞர்கள் ஒரு வினா எழுப்புவர். “ஈப்புலி நாள்தோறும் ஈயையும் கொசுவையும் கொன்று தின்கின்றது. கொலை செய்யும் உயிரைக் காப்பது கொலைக்குத் துணைபோவதாகாதா? ஒன்றைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்குமே?” நல்ல வினா இது. இதனைக் கடிந்து அடக்குதல் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இவ்வினாவை எடுத்து விடை கூறியுள்ளார். ஒன்றைக் கொல்வதால் பல காக்கப்படும் என்று கருதியும் கொடிய உயிர்களைக் கொல்லலாகாது. நெடுநாள் வாழ்ந்தால் பாவம் பெருக்கும் என்று இரங்கியும் கொல்லலாகாது என்பது அவர் தீர்ப்பு. ஏன் எனில், கொல்லும் எண்ணம் எழும் இடம் நம் நெஞ்சம். ஈயின் உயிர் பிழைத்ததோ இல்லையோ, நம் ஆன்மாவில் கொலைவினை வந்து ஒட்டிவிடுகின்றது.

மேலும் ஒன்று. நான்கறிவுயிர்களுக்கு மனம் இல்லை என்பது ஆகமக் கொள்கை. இது தகும், இது தகாது என்று ஆராயும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. அவை விரதம் ஏற்க இயலாது. 2022ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர், உறங்கும் இளஞ்சிலந்திகளின் விழித்திரை, நாம் கனவு காணும் வேளையில் நம் கண்கள் அசைவது போன்று அசைவதைக் கண்டு வெளியிட்டனர். அது கனவுதானா என்று அவர்கள் முடிவு கூறவில்லை. அவ்வாராய்ச்சி எங்கு சென்று முடியினும் நம் கடமை மாறுவதில்லை. மனம் பெற்று, ஆராயும் ஆற்றலும் பெற்று, அணுவிரதமும் ஏற்ற பின் கொல்வோமாயின், அப்பழி மனிதப் பிறவி எய்திய நம்மையே சாரும். பார்சுவநாதர், வேள்வித் தீயின் கட்டைக்குள் வெந்துகொண்டிருந்த பாம்புகளுக்கு இரங்கினார். ‘இவை நஞ்சுடையன, எத்தனை தவளைகளை விழுங்கினவோ’ என்று அப்பெருமான் கணக்கிடவில்லை. அவையே தரணேந்திரனும் பத்மாவதியுமாயின என்பது நாமறிந்த வரலாறு. நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களிலும் படமெடுத்த நாகத்தின் நிழலில் அப்பெருமானை இன்றும் காணலாம்.

இல்லறத்தார் எவ்வுயிரும் வருந்தாமல் வாழ்தல் அரிது. ஆகையால் நம் பெரியோர், கருதிச் செய்யும் கொலையை முற்றிலும் விலக்குமாறும், இல்லறத் தொழில்களில் நேரும் ஊறுகளைக் கவனத்தால் குறைக்குமாறும் பணித்தனர். கவனமின்றி நடப்பவனுக்கு உயிர் இறப்பினும் இறவாதிருப்பினும் இம்சை உண்டு. விழிப்போடு நடப்பவனை அவ்வினை பற்றாது என்பது குந்தகுந்தாசாரியரின் பிரவசனசாரம் காட்டும் நெறி.

இந்நெறியை நம் வீட்டில் கைக்கொள்ளும் முறை எளிது. தீபாவளி நமக்கு மகாவீரர் நிர்வாணம் எய்திய திருநாள். அத்திருநாளை முன்னிட்டு ஒட்டடை அடிக்குங்கால், கோலை ஓங்குவதற்கு முன் ஒருமுறை கண்ணால் நோக்குக. சுவரில் ஈப்புலி இருப்பின், அதன்மேல் ஒரு குவளையை மெல்லக் கவிழ்த்து, அடியில் ஓர் அஞ்சலட்டையைச் செருகி, வெளியே செடி நிழலில் விட்டுவிடுக. சன்னல் மூலையில் வெண்பட்டு போன்ற முட்டைக்கூடு இருப்பின், குஞ்சுகள் வெளியேறும் வரை அதனை விட்டுவைக்கலாம். பூச்சிமருந்து தெளித்தால், கண்ணுக்குத் தெரிந்த ஓர் உயிரோடு தெரியாத பல உயிர்களும் மடியும். உண்பொருளை மூடி வைத்தால் ஈ வாராது. ஈ வாராத இடத்தில் ஈப்புலிக்கும் வேலையில்லை. வேண்டாத விளக்கை அணைத்து, இரவுணவைத் தவிர்த்தால், விளக்கை நாடி வந்து மடியும் உயிர்கள் குறையும்.

உடலில் எழும் கொப்புளங்களுக்கு எட்டுக்கால் பூச்சியே காரணம் என்று அஞ்சி அதனை அடிப்பாரும் உளர். அக்கி என்னும் நோய் சின்னம்மைக் கிருமியால் வருவது. அதற்கு நாட வேண்டியவர் மருத்துவர். சுவரில் தாவும் இச்சிறு சிலந்தியால் மனிதருக்குப் பெருந்தீங்கு விளைவதில்லை.

தாய்மார்களுக்குச் சிறப்பாக ஒரு சொல். குழந்தை கேட்டுக் கற்பதினும் கண்டு கற்பதே மிகுதி என்பது ஆசிரியப் பயிற்சியில் முதலில் பயிலும் பாடம். சமணக் குடும்பத்துக் குழந்தை தன் வாழ்வில் முதன்முதல் காணும் கொலை, பெரும்பாலும், பெரியவர் ஒருவர் துடைப்பத்தால் ஒரு பூச்சியை அடிப்பதாகவே இருக்கின்றது. அதன்பின் கொல்லாமையைப் பற்றி நாம் எத்துணை உரைத்தாலும், குழந்தை கண்டதையே நம்பும். மாறாக, அஞ்சி ஓடி வரும் குழந்தையின் கையைப் பற்றி, குவளையையும் அஞ்சலட்டையையும் அதனிடமே கொடுத்துப் பாருங்கள். அன்று அது ஏற்கும் அணுவிரதம் ஆயுள் முழுதும் அதனைத் தாங்கும்.

சாரணர் சிலந்தி நூலின்மேல் நடந்தனர். அவ்வாற்றல் நமக்கில்லை. ஆயினும், அந்நூலைக் கண்டு கையை நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவ்வளவேனும் செய்வோமாக!

ஜைனம் ஜயது சாசனம்!