ரிஷி கடனும் கைத்தொலைபேசியும்

திம்புள்ளப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டமொன்றில், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், கோயில் மண்டபத்திலோ வாசகசாலையிலோ, அவை பூட்டியிருந்தால் லயத்து வாசலிலோ, பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, ஒருவர் கைத்தொலைபேசியை மற்றவர் வாங்கிப் பார்த்து, எழுத்தைப் பெரிதாக்கும் வழியையும், நிரம்பிப்போன நினைவகத்தைக் காலிசெய்யும் வழியையும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இரகசிய இலக்கம் கேட்கும் வஞ்சகனை இனங்காணும் வழியையும் சொல்லியும் கேட்டும் பொழுதைக் கழிப்பார்களானால், அது வெறும் லௌகிக விஷயம், அதில் தர்ம விசாரத்துக்கு இடமேது என்று சிரத்தையுள்ள பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்லும்போது அவன் செய்வது தானமா, கடன் தீர்ப்பதா என்ற பழைய கேள்வி அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதிதாக எழுகிறது.

இத்தகைய கூட்டம் உலகுக்குப் புதிதன்று. 1975 மார்ச் மாதம் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டுக் கார்க் கொட்டகையில் கூடத் தொடங்கிய ஹோம்புரூ கணினிக் கழகத்தில், பின்னர் ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், தாம் வடிவமைத்த கணினியின் வரைபடங்களைக் கேட்டவர்க்கு விலையின்றிக் கொடுத்தார். 1976இல் பில் கேட்ஸோ, தம் மென்பொருளைக் கணினி ஆர்வலர்கள் விலை கொடாமல் பிரதியெடுத்துக்கொள்வது திருட்டே என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்ற அந்த வாதத்தைத் தோட்டத்தில் பிறந்த எவனும் மறுக்கமாட்டான். ஆயினும் விற்பனைக்கு வந்த பொருள் வேறு, அதைக் கையாளும் நுட்பம் வேறு. நுட்பம் வாய்மொழியாகவே வாழ்வது, வாய்மொழிக்கு எவரும் விலைச்சீட்டு ஒட்டியதில்லை.

நம் சாஸ்திரங்கள் வித்தியாதானத்தை மிக உயர்ந்த தானங்களுள் வைத்துப் போற்றுகின்றன. அந்தப் புகழ்ச்சியில் எனக்கு ஒரு சிறு தயக்கம் உண்டு. தானம் என்று சொன்ன மாத்திரத்தில் கொடுப்பவன் கை மேலாகவும் வாங்குபவன் கை கீழாகவும் ஆகிவிடுகின்றன. கொடுத்தவனுக்குப் புண்ணியமும், வாங்கியவனுக்கு நன்றி என்னும் சுமையும் சேர்கின்றன. வேதத்தில் இதனினும் ஆழமான ஒரு சிந்தனை இருக்கிறது. பிராமணன் பிறக்கும்போதே தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பிதிர்களுக்கும் மூன்று கடன்களோடு பிறக்கிறான், அவற்றுள் ரிஷிகளின் கடன் கல்வியால் தீர்கிறது என்று தைத்திரீய சம்ஹிதை ஒரு வருணத்தாரை மட்டும் குறித்துச் சொன்னதை, சதபத பிராமணம், உயிரோடு இருக்கும் எவனுக்கும் உரியதாக விரித்து, மனிதர்க்குப் பட்ட கடன் என்று நான்காவது ஒன்றையும் சேர்த்துக் கூறுகிறது. இந்த விரிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில், எவன் அறிந்த எதுவும் அவனே படைத்ததன்று. முகமறியாத எத்தனையோ பேரிடமிருந்து வந்ததை அடுத்தவனுக்குச் சொல்லும்போது அவன் வள்ளலாக நிற்பதில்லை, பட்ட கடனைத் திருப்பிச் செலுத்துபவனாக நிற்கிறான்.

மலையகத்தாருக்குக் கடன் என்பது கசப்பான நினைவு என்பதை மறந்து இதை எழுதவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவு முதலாகக் கங்காணி தலையில் ஏற்றிய தொகை ஒரு துண்டில் எழுதப்பட்டு, அதை அடைக்க வேறு தோட்டம் முன்வந்தாலொழிய ஒரு தொழிலாளி இருந்த இடத்தை விட்டு நகர இயலாதிருந்த அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அந்தத் துண்டில் எழுதியிருந்தது இன்னதென்று அதைச் சுமந்தவர்களில் மிகப் பலருக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்தும் கணக்கும் சிலர் கையில் மட்டும் இருந்ததே அந்தக் கொடுமைக்குப் பலமாயிற்று. அக்கடன் மனிதனை ஓரிடத்தில் கட்டிவைத்தது. ரிஷி கடனோ தீர்க்கத் தீர்க்க மனிதனை மனிதனோடு இணைக்கிறது. அன்றன்று நிறுத்த கொழுந்தின் கிலோவையும், வேலைப் பதிவில் விழுந்தது முழுநாள் பேரா அரைநாள் பேரா என்பதையும் கைத்தொலைபேசியில் குறித்துவைத்து, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் கற்றுக்கொடுப்பாளானால், அது முன்னோர் பட்ட துன்பத்துக்கும் செய்யும் ஒரு பரிகாரம்.

ஆண்டுக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய ஒரு பெண்ணின் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கறையேறி, ரேகை தேய்ந்துபோயிருக்கும். அந்த விரலை வைத்தால் கைத்தொலைபேசி திறப்பதில்லை. தன்னையே அது அடையாளம் காணவில்லையென்று அவள் அதை மகனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறாள். “பெரியம்மா, இந்த வெரல் வேணாம், எடது கை சுண்டு வெரல வச்சுப் பாருங்க” என்று திருவிழாவுக்காகக் கொழும்பிலிருந்து வந்த ஒரு பையன் சொல்லி, அந்த விரலின் ரேகையைப் பதிந்துகொடுக்கிறான். கொழுந்தெடுப்பில் அதிகம் உழைக்காத விரல் அது என்பதை எந்த நிறுவனத்தின் கையேடும் எழுதியிராது. தேயிலையையும் அறிந்து, கருவியையும் அறிந்தவன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தாலன்றி இந்த ஞானம் பிறக்க வழியில்லை.

தகுதி பாராமல் எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லலாமோ என்ற ஆட்சேபத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பதினெட்டு முறை நடந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரார்த்தத்தை, வெளியிட்டால் நரகம் என்ற எச்சரிக்கையையும் மீறி, இராமாநுஜர் கோபுரத்தின் மேல் ஏறி அனைவர்க்கும் சொன்னார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். தான் ஒருவன் வீழ்ந்தாலும் பலர் உய்வார்கள் என்ற கருணை அது. ஆனால் அவர் வெளியிட்டது எல்லோர்க்கும் பொதுவான நன்மை. பிறன் அந்தரங்கத்தை அவர் வெளியிடவில்லை. ஆகவே, பூட்டுவது எப்படி என்பதை ஊரெல்லாம் அறியச் சொல்லலாம். ஒருவனுடைய கடவுச்சொல்லை அவன் தாயிடம்கூடக் கேட்கலாகாது. மனைவியின் கைத்தொலைபேசியை அவளறியாமல் பார்க்க வழி கேட்பவனுக்கு மறுமொழி சொல்லாமலிருப்பதும் கற்பிப்பவனின் தர்மத்தில் அடங்கியதே.

இனி, இவ்வளவையும் கோயில் மண்டபத்தில் செய்வது தகுமா என்று கேட்போர் உண்டு. 2005 முதல் இலங்கை அரசு தொடங்கிய நெனசல அறிவு நிலையங்களுள் பல வழிபாட்டுத் தலங்களிலேயே அமைந்தன. கேட்ஸ் பெயர் தாங்கிய அறக்கட்டளையே அத்திட்டத்துக்கு 2014இல் 10 இலட்சம் அமெரிக்க டொலர் பரிசளித்தது. அரசு உதாரணமும் அயலார் பரிசும் ஒருபுறமிருக்க, மாசி மாதத்தில் காமன் கூத்துக்காக இளைஞர்கள் பெரியவர்களிடம் காதால் கேட்டு ரதியின் பாட்டையும் மன்மதனின் பாட்டையும் பாடமாக்கிக்கொள்ளும் மண்ணில், கற்பிக்கும் காரியம் தெய்வ சந்நிதிக்குப் புறம்பானது என்று எவர் சொல்ல இயலும்? தோட்டக் கோயில்களின் நிர்வாக சபையார், திருவிழா முடிந்ததும் பூட்டிவிடும் மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் திறந்துவைத்து, விரிக்க ஒரு பாயும் மின்னேற்ற ஒரு செருகியும் கொடுத்தால் போதும். சந்தா வேண்டாம், தலைவர் செயலாளர் என்ற பதவிகளும் வேண்டாம். ஒன்றைக் கற்றுக்கொண்டு போகிறவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தம் லயத்தில் ஒருவருக்காவது அதைச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் வைக்கலாம்.