விலை வைத்தால் களவு

ஹாரி பாட்டர் கதைமாந்தரை வைத்து ஒரு ரசிகர் எழுதிய 'மேனக்கிள்ட்' என்னும் நீண்ட கதை, 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற இணையக் காப்பகத்தில் யாரும் காசில்லாமல் படிக்கும்படி இருந்தது. அந்தக் காப்பகத்தில் விளம்பரம் கிடையாது. கதையைக் காட்டிப் பணம் கேட்கவும் அங்கே அனுமதியில்லை. அந்தக் கதையை யார் யாரோ அச்சிட்டு, துணி அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்தில் தலைப்பைப் பொறித்து இணையக் கடைகளில் விற்றார்கள். எழுதியவருக்கு அதில் ஒரு காசும் போகவில்லை, ஹாரி பாட்டரைப் படைத்த ரௌலிங்குக்கும் போகவில்லை. இந்த வியாபாரத்தால் மனம் நொந்து தம் கதைகளையே காப்பகத்திலிருந்து எடுத்துவிட்ட ரசிகர்களும் உண்டு.

இதில் தீர்ப்புச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மூலத்தின் பெயரை மறைக்காமல், விலையும் வைக்காமல், ஒரு கதையின்மேல் கொண்ட அன்பால் ரசிகர் எழுதுவது களவாகாது. அதற்கு விலை வைப்பது களவு.

தமிழ் மரபு இதைப் பண்டே தெளிவாக்கிவிட்டது. தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பகுக்கிறது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று வழிநூலுக்கு நான்கு வகையும் சொல்கிறது. நன்னூலார் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கினார். ஒருவர் படைத்ததன்மேல் இன்னொருவர் படைப்பதை இலக்கணமே ஒப்புக்கொண்ட மொழி இது. ஆனால் நன்னூல் ஒரு கடமையையும் விதிக்கிறது. பாயிரத்தில் ஆக்கியோன் பெயரை அடுத்து, நூல் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். கம்பர் அப்படியே செய்தார். வடமொழியில் இராமன் கதையைச் செய்தவர் மூவர் என்றும், அவருள் முதல்வரான வான்மீகியைத் தாம் பின்பற்றுவதாகவும் அறிவித்துவிட்டே காப்பியத்தைத் தொடங்குகிறார். கச்சியப்பரின் கந்தபுராணத்துக்கும் வடமொழி மூலம் உண்டு, வில்லிபுத்தூரார் பாரதத்துக்கும் உண்டு. இவர்களைத் திருடர் என்று சொல்ல யாருக்கு நா எழும்? வள்ளுவர் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம், வெஃகாமைக்கு ஓர் அதிகாரம், செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால் ரசிகருக்கான நெறி முழுவதும் கிடைத்துவிடும்: மூலவருக்கு நன்றி சொல், அவர் பொருளின்மேல் ஆசை வைக்காதே.

நீதிமன்றமும் இந்தப் பக்கம் சாய்ந்ததுண்டு. 2007ஆம் ஆண்டு கொல்கத்தா சால்ட் லேக்கில் துர்க்கா பூஜைக்கு ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டை போலவே ஒரு பந்தல் எழும்பியது. ரௌலிங்கும் அக்கதையைப் படமாக்கிய வார்னர் பிரதர்ஸும் 20 லட்சம் ரூபாய் கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விழா முடிந்ததும் பிரித்துவிடும் பந்தல், அதில் லாப நோக்கமும் இல்லை என்பதால் நீதிமன்றம் அதை அந்த ஆண்டு நடத்த விட்டது. எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதைக்குத் தொடர்ச்சி எழுதிய ஓர் அமெரிக்க ரசிகர், உரிமையாளர்களின் இசைவு இல்லாமலே அதை 2022இல் அச்சிட்டு விற்றார். அதோடு நிற்கவில்லை. டோல்கீனின் கதையுலகை வைத்து அமேசான் எடுத்த 'ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் தன் நூலைத் திருடிவிட்டது என்று சொல்லி 2023இல் அமேசான்மீதும் டோல்கீன் தரப்பின்மீதும் 25 கோடி டாலருக்கு வழக்குத் தொடுத்தார். வழக்குத் தள்ளுபடியானது. பிரதிகளை எல்லாம் அழிக்கும்படியும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் செலவாக 1,34,000 டாலருக்கு மேல் கட்டும்படியும் உத்தரவு வந்தது. நன்றி மறந்து ஆசை முற்றினால் நேர்வது இதுதான்.

படைத்தவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தம் கதைமாந்தரைப் பிறர் தொடுவதையே பொறுக்க முடியாதென்று அமெரிக்க நாவலாசிரியர் ஆன் ரைஸ் எதிர்த்தார். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டமும் தழுவும் உரிமையைப் படைத்தவருக்கே தருகிறது. அவர் மறைந்து 60 ஆண்டு வரை அது செல்லும். படைத்தவரின் மனவருத்தத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் வருந்துகிறார் என்பதற்காக ஊரார் கதை சொல்வதை நிறுத்த முடியாது.

'மேனக்கிள்ட்' எழுதியவர் நேர்வழியில் போனார். பழைய கதையைக் காப்பகத்திலிருந்து எடுத்துவிட்டு, ரௌலிங்கின் உலகத்தை முற்றும் களைந்து, தானே ஓர் உலகத்தைப் படைத்து 2025இல் 'ஆல்கமைஸ்டு' என்று வெளியிட்டார். அந்த நூலுக்கு விலை வைக்க அவருக்கு முழு உரிமை உண்டு. களவு இன்னொரு வடிவிலும் வந்தது: அதே ஆண்டு ஏப்ரலில் காப்பகத்தின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கதைகளை எழுதியவர்களைக் கேட்காமல் அள்ளி, செயற்கை நுண்ணறிவைப் பழக்கும் தரவாக ஒருவர் பொதுவில் வைத்தார். ரசிகர் கதைதானே, அதற்கு ஏது உரிமை என்று இதற்கும் சமாதானம் சொல்கிறார்கள். கதைமாந்தர் இரவல், சரி. இரவு கண்விழித்து எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் ரசிகருடையது. அந்தத் தரவை நீக்கச் சொல்லிக் காப்பகத்தார் போராடியது முற்றிலும் நியாயம்.