உன் மந்தையின் நிலை உனக்குத் தெரியுமா?

தியானப் பகுதி: நீதிமொழிகள் 27:23-27

 

நம் சபையில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்கும்போது சிலர் தயங்கித் தயங்கி ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். பிரித்துப் பார்த்தால், “சினை ஆடு தீனி எடுக்கவில்லை, ஜெபிக்கவும்” என்றிருக்கும். “அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்துவிட்டது” என்றிருக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. என் வீட்டுப் பின்வாசலிலும் ஒன்பது கோழிகளும் இரண்டு வெள்ளாடுகளும் உண்டு. அந்தச் சந்தோஷமும் தெரியும், அந்தக் கவலையும் தெரியும்.

நீதிமொழிகள் 27-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். ராஜ அரண்மனையில் தொகுக்கப்பட்ட புத்தகம் அது. ஆனால் அங்கே சிங்காசனத்தைப் பற்றிப் பேசாமல் புல்லைப் பற்றியும், ஆட்டுக்குட்டியின் ரோமத்தைப் பற்றியும், வீட்டாருக்குப் போதுமான ஆட்டுப்பாலைப் பற்றியும் ஆவியானவர் எழுதி வைத்திருக்கிறார். பணம் போய்விடும், பட்டம் போய்விடும். கையில் இருக்கிற ஜீவனைக் கவனித்துப் பார் என்பதே அந்த வசனங்களின் சாரம். அங்கே கர்த்தர் முதலாவது கேட்பது, “எத்தனை ஆடு வைத்திருக்கிறாய்?” என்று அல்ல. “அவைகளின் நிலை உனக்குத் தெரியுமா?” என்றே கேட்கிறார்.

இந்த அறிவைக் குறித்து நான்கு காரியங்களைத் தியானிப்போம்.

1. அன்றாடம் பார்த்து அறிகிற அறிவு

காலையில் கோழிக்கூட்டைத் திறக்கிறோம். எல்லாம் தபதபவென்று வெளியே ஓடிவரும். பாதிப்பேர் அந்த நேரத்தில் ஒரு கை கம்பை வீசிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். எது கடைசியாக வந்தது? எது இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கிறது? கொண்டை சிவப்பாய் இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? கூட்டுக்குள் கிடக்கிற எச்சம் எப்படி இருக்கிறது? ராத்திரி அடைக்கும்போது இரைப்பையைத் தடவிப் பாருங்கள், நிறைந்திருக்கிறதா?

கோழிக்கு வாய் திறந்து தன் நோயைச் சொல்லத் தெரியாது. அதுமட்டுமல்ல, கூடுமானவரைக்கும் அதை மறைக்கும். நோஞ்சானைக் கண்டால் கூட்டமே கொத்தும். ஆகவே நம் கண்ணுக்கு நோய் தெரிகிற அன்றைக்கு அது பல நேரம் முற்றியிருக்கும். தினமும் பார்க்கிற கண்ணுக்குத்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஆடும் அப்படித்தான். அசைபோடுகிற ஆடு சுகமான ஆடு. கல்யாண வீட்டில் மிஞ்சின சோற்றை, “பாவம், தின்னட்டும்” என்று அள்ளி வைக்கிறோம். மறுநாள் வயிறு உப்பி, அசை நின்று, கால் நீட்டிப் படுத்துவிடும். அன்பு இருந்தால் போதாது; எது ஆகும், எது ஆகாது என்ற அறிவும் வேண்டும்.

தேவபிள்ளைகளே, இந்தப் பார்வைக்குக் கூலியும் உண்டு. வெடக்கோழி முதல் முட்டை இட்டுவிட்டு ஊரையே கூட்டுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? பிறந்து கால் மணி நேரமான குட்டி நடுங்கி நடுங்கி எழுந்து நின்று, மடியைத் தேடிக் கண்டுபிடிக்கிறதைப் பார்த்திருக்கிறீர்களா? இதெல்லாம் விலையில்லாத சந்தோஷம். கர்த்தர் ஏழை வீட்டிலும் வைத்திருக்கிற சந்தோஷம். அல்லேலூயா!

2. செட்டையின் கீழ் மூடிக்காக்கிற அறிவு

மத்தேயு 23:37-ல் நம் ஆண்டவர் எருசலேமைப் பார்த்து மனமுருகும்போது தம்மை எதற்கு ஒப்பிட்டார்? சிங்கத்துக்கு அல்ல, கழுகுக்கும் அல்ல. குஞ்சுகளைத் தன் செட்டைக்குள் சேர்க்கிற ஒரு கோழிக்கு ஒப்பிட்டார்.

அடைக்கோழியைப் பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தையின் ஆழம் புரியும். 21 நாள் உட்கார்ந்திருக்கும். நாளுக்கு ஒருமுறை எழுந்து, அவசரமாய் ரெண்டு வாய் தின்று, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டுவிட்டு ஓடிவந்துவிடும். நெஞ்சில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும்; அந்தச் சூடு நேராக முட்டையில் படவேண்டும் அல்லவா! முட்டைகளை அலகால் மெல்லப் புரட்டிக்கொண்டே இருக்கும். பொரிக்கிற நாள் நெருங்கும்போது ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு ‘கீச்’ என்று கூப்பிடும். தாய்க்கோழி தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். முகம் பார்க்கும் முன்னமே ஒன்றின் சத்தம் ஒன்றுக்குத் தெரியும்!

பொரித்த பிறகு? மேலே பருந்து வட்டமிட்டால் ஒரு சத்தம், கீழே கீரியோ பூனையோ வந்தால் வேறொரு சத்தம். குஞ்சுகள் காரணம் கேட்டு நிற்பதில்லை, ஓடிவந்து ஒளிந்துகொள்ளும். ஆபத்து இல்லாத நேரத்திலும் அடிக்கடி உள்ளே போகும். ஏன்? முதல் சில வாரங்கள் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் மேயும், குளிரும், ஓடிவந்து செட்டைக்குள் நுழையும், சூடேறின பிறகு மறுபடி வெளியே வரும்.

நாம் பருந்து வரும்போது மட்டும் கர்த்தரிடம் ஓடுகிறோம். கடன்காரன் வந்தால் உபவாச ஜெபம், ஆஸ்பத்திரி என்றால் முழு இரவு ஜெபம். குளிர்ந்துபோனதற்காக ஓடி வருகிறவர்கள் எத்தனை பேர்? அருமையான சகோதரியே, ஆபத்து ஒன்றும் இல்லாத இந்த நாளிலும் அவருடைய செட்டையின் சூடு உனக்கு வேண்டும்.

3. அறிந்தவனைப் பொறுப்பாளியாக்குகிற அறிவு

இந்த மூன்றாவது காரியத்தைக் கொஞ்சம் கண்டிப்பாய் எழுதவேண்டியிருக்கிறது.

வெயில் காலத்தில் நம் ஊர்களில் வெள்ளைக்கழிச்சல் வரும். ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பேரால் வந்த பெயர் அது. வெள்ளையும் பச்சையுமாய்க் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. ஒரு வீட்டில் நுழைந்தால் தெருவையே காலிபண்ணிவிடும்.

எங்கள் சபையில் வயதான தாயார் ஒருவர், விதவை. 14 கோழி வைத்திருந்தார். முட்டைக் காசுதான் அவருக்கு எண்ணெய், சோப்பு, பேத்தியின் நோட்டுப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை எல்லாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு கோழி செத்துக்கிடந்தது. உறவுக்காரர் ஒருவர், “நாளைக்குச் சந்தை. மீதியை விடியற்காலையில் கொண்டுபோய்த் தள்ளிவிடு, பாதிக் காசாவது தேறும்” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா ஜெபிக்க வந்தார்.

“ஐயா, நாளைக்குச் சந்தை முடியிற வரைக்கும் அதுங்க நிக்கணும்னு ஜெபம் பண்ணுங்க.”

“அம்மா, அதை வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பா” என்றார்.

யாத்திராகமம் 21:36-ஐ எடுத்து வாசித்துக் காண்பித்தேன். முட்டுகிற வழக்கமுள்ள மாடு என்று தெரிந்திருந்தும் ஒருவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டு, அது அயலானுடைய மாட்டைக் கொன்றுபோட்டால், மாட்டுக்கு மாடு அவன் ஈடுகட்டவேண்டும் என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம். தெரியாமல் நடந்தால் நஷ்டத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். தெரிந்திருந்தால் கணக்கே வேறே! மந்தையின் நிலையை அறி என்று சொன்ன தேவன், அறிந்த பிறகு நீ என்ன செய்தாய் என்றும் கேட்கிறார்.

அந்த அம்மா கோழிகளைச் சந்தைக்கு அனுப்பவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் போய், “என் வீட்டுல கழிச்சல் வந்திருக்கு, உங்க கோழியை அடைச்சு வைங்க” என்று தன் வாயாலே சொன்னார். ஒரு வாரத்தில் இன்னும் ஒன்பது செத்தன. வாய்க்காலில் வீசாமல், நாய்க்குப் போடாமல், ஆழமாய்க் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். மிஞ்சினது மூன்று.

மறுநாளே பரலோகத்திலிருந்து கோழி இறங்கிவந்தது என்று சாட்சி எழுத நான் வரவில்லை. அந்த மாதம் அவர் வீட்டில் கஷ்டம்தான். பேத்தியின் நோட்டுப் புத்தகத்தைச் சபையார் சிலர் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு ஸ்தோத்திரப் பலி நேரத்தில் அவர் எழுந்து, “கர்த்தர் என் கையைச் சுத்தமா வச்சாரு” என்றார். அதற்கு மேலான சாட்சியை அந்த வருஷம் நான் கேட்கவில்லை.

சகோதரனே, சீக்கு ஆட்டைச் சுகமான ஆடு என்று விற்றுவிட்டு, அந்தக் காசில் தசமபாகம் எடுத்து வைக்காதே. பால் சொசைட்டிக்குப் போகிற பாலில் தண்ணீர் கலந்துவிட்டு அந்நியபாஷை பேசாதே. கர்த்தர் பார்க்கிறார்.

4. விசுவாசத்தோடு கைகோர்க்கிற அறிவு

“பாஸ்டர், தடுப்பூசி போட்டால் விசுவாசக் குறைவு ஆகாதா?” என்று சிலர் கேட்கிறார்கள்.

நோவாவைப் பாருங்கள். மிருகங்களைப் பேழைக்குள் சேர்க்கச் சொன்ன தேவன், அவைகளுக்குத் தீனியையும் சேர்த்து வைக்கச் சொன்னார் (ஆதியாகமம் 6:21). எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுத்த தேவன், அவன் கட்டியின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடுவதையும் தடுக்கவில்லை (ஏசாயா 38:21). சுகம் கர்த்தருடையது. அத்தியும் கர்த்தருடையதுதான்!

ஆகவே ஜெபம்பண்ணுங்கள், ஊசியும் போடுங்கள். குஞ்சு பொரித்து ஏழு நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. சுகமாய் இருக்கும்போதே போடவேண்டும். கழிச்சல் கண்ட பிறகு ஓடிப் பயனில்லை. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் முகாம் நாளைச் சொல்வார்கள். மருந்தைக் குளிர்ச்சி குறையாமல் ஐஸில் வைத்துக் கொண்டுவரவேண்டும். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி, மாட்டுக்குக் கோமாரி, இவைகளுக்கும் தடுப்பூசி உண்டு. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் தோல் கழலை நோயில் ஏராளமான மாடுகள் மடிந்தபோது, ஒரே மாட்டை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனை கண்ணீர் விட்டிருக்கும்!

இன்னொன்று. உபவாச ஜெபத்துக்கு வருகிற அன்று ஆட்டை எங்கே கட்டினீர்கள்? பத்து மணிக்கு நிழலாய் இருந்த இடம் ஒரு மணிக்கு வெயிலாய் மாறிவிடும். உபவாசம் உங்களுக்கு, ஆட்டுக்கு அல்ல! ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவது சரியே என்று நம் ஆண்டவர் லூக்கா 13:15-ல் எடுத்துக்காட்டினார். தண்ணீர் வைத்துவிட்டு, நிழல் பார்த்துக் கட்டிவிட்டு, பத்து நிமிஷம் தாமதமாய் வாருங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

யாக்கோபைப் பாருங்கள். இருபது வருஷத்துப் பகை தீர்ந்து ஏசா, “வா, சேர்ந்து போகலாம்” என்று அழைக்கிறான். யாக்கோபோ, பால் கொடுக்கிற ஆடுமாடுகள் என்னோடே இருக்கிறது, ஒரே ஒரு நாள் துரிதமாய் ஓட்டினாலும் மந்தையெல்லாம் செத்துப்போகும், நான் மெதுவாய் வருகிறேன் என்கிறான் (ஆதியாகமம் 33:13,14). தன் மந்தையின் நிலையை அறிந்தவன் பேச்சு அது. வீட்டிலும் இப்படிப் பலவீனமானவர்கள் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி மருமகள் உண்டு, முழங்கால் வலிக்கிற மாமியார் உண்டு, பாடம் ஏறாத பிள்ளை உண்டு. அவர்களுடைய நடைக்குத் தக்கதாய் நடக்கிறோமா?

முடிவாக

அன்றைக்குச் சந்தையில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. இரண்டு காசு கொடுத்தால் ஐந்து (மத்தேயு 10:29, லூக்கா 12:6). கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தாவது குருவி கொசுறு! விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியையும் தேவன் மறப்பதில்லை என்றார் இயேசு.

“நான் யார் கணக்கிலும் இல்லை” என்று கண்ணீரோடு இதை வாசிக்கிற தாயே, தகப்பனே! நீ கூட்டைத் திறந்து ஒவ்வொன்றாய்ப் பார்ப்பதுபோல, இன்று காலையிலும் உன் மேய்ப்பர் உன்னைப் பார்த்தார். நீ கடைசியாக எழுந்து வந்ததும் அவருக்குத் தெரியும். இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்பதும் தெரியும். அவரிடத்தில் வா. செட்டையின் கீழ் இன்னும் இடம் இருக்கிறது.

கர்த்தர்தாமே உங்கள் வீட்டையும், தொழுவத்தையும், கோழிக்கூட்டையும் ஆசீர்வதிப்பாராக! ஆமென்.