நெஞ்சோடு பேசும் மொழி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பள்ளிப்பட்டு, 1960இல் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த எல்லையூர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வூரில், எதிரே வந்தவருக்கேற்ப நாவை மாற்றிக்கொள்வது எளிது. தன் நெஞ்சோடு மெய் பேசுவதோ எவ்வூரார்க்கும் அரிது. ஆயினும் பிறரோடு நாம் பேசும் பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதற் பாசுரத்திலேயே தம் நெஞ்சை அழைத்துப் பேசுகிறார். முதற்பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில், எம்பெருமானைப் பேசத் தமக்குத் தகுதியில்லை என்று அகலப் பார்க்கிறார். உள்ளே உள்ளதை ஒளியாமையே ஆழ்வார் காட்டும் வழி.

அவ்வழி பிறரிடம் பேசுவதில் எப்படிப் பலிக்கும்? திருவரங்கத்தில் முதலியாண்டான் திருப்பேரனாரான கந்தாடைத் தோழப்பர், நம்பிள்ளையின் பெருமை பொறாமல், பெரிய பெருமாள் ஸந்நிதியில் அவரைக் கடிந்து பேசிவிட்டார். நம்பிள்ளை மறுமாற்றம் சொல்லவில்லை. திருமாளிகைக்கு மீண்ட தோழப்பரைத் தேவிகள் கண்டித்தார். தோழப்பர் தம் நெஞ்சைக் கேட்டார். தவறு தமதே என்று தெளிந்து, க்ஷமை வேண்டப் புறப்பட்டுக் கதவைத் திறந்தார். வாசலில் நம்பிள்ளை காத்திருந்தார். தோழப்பர் திருவுள்ளம் கலங்கத் தாம் காரணமானதற்குப் பொறுத்தருள வேண்டும் என்று அவர் முந்திக்கொண்டார். நெகிழ்ந்த தோழப்பர் அவரை ‘உலகாரியன்’ என்று கொண்டாடினார். மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் இதை நினைவுகூர்கிறார்.

இங்கே ஒரு கேள்வி எழும். செய்யாத குற்றத்திற்குப் பொறுத்தருள வேண்டுவது பொய்யன்றோ? அன்று. ‘குற்றம் யாருடையது?’ என்று கேட்கும் நெஞ்சு வழக்காடும். தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொள்ளும். ‘ஒரு பாகவதர் திருவுள்ளம் என் நிமித்தமாகக் கலங்கிற்றோ?’ என்று கேட்கும் நெஞ்சுக்கு மறுக்கவொண்ணாத விடை கிடைக்கும். நம்பிள்ளை சொன்னது அவ்விடையையே. அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை.

தோழப்பரைப் போலக் கடிந்து பேசுவது நமக்கும் நேர்கிறது. பின்பு, ‘சொன்னது சரியே, சொன்ன விதம் மட்டும் சற்றுக் கடுமை’ என்று நெஞ்சுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அச்சமாதானத்தைச் சுமந்து சென்று பொறுத்தருளக் கேட்டால், ‘ஆனால்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடும்; கேட்பவர் புண் ஆறாது. தோழப்பர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். ஆகையால்தான் வாசலில் நின்றவரை அவரால் உள்ளபடி காண முடிந்தது.

இன்றிரவு திருவாராதனம் முடிந்தபின், பகலில் யார் மனம் நம்மால் நொந்தது என்று நெஞ்சைக் கேட்போம். விடை வந்தால், விடியும்வரை காத்திராமல் அவர் வாசலுக்குச் செல்வோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.